வீட்டிலிருந்தே மருத்துவப் படியெடுப்பு

நம் சங்கங்களில் அங்கத்தினராயுள்ள நெசவாளர், விவசாயிகள் இல்லங்களில் இன்று பட்டம் பெற்ற இளைஞர்களும் பெண்களும் பெருகியிருக்கின்றனர். தறியிலோ வயலிலோ அவர்களை அமர்த்தப் பெற்றோருக்கு மனமில்லை. பட்டணம் சென்று அறையெடுத்துத் தங்கி உத்தியோகம் பார்க்க எல்லோருக்கும் வசதியுமில்லை. மணமாகி வந்த மருமகளுக்கோ இடுப்பில் கைக்குழந்தை. இந்நிலையில், வீட்டிலிருந்தே மருத்துவப் படியெடுப்புச் செய்து மாதந்தோறும் சம்பாதிக்கலாம் என்னும் விளம்பரங்கள் கைப்பேசியிலும் பேருந்து நிலையச் சுவர்களிலும் தென்படவே, அது என்ன தொழில், நம்பி இறங்கலாமா என்று அங்கத்தினர் பலர் நம்மை வினவி வருகின்றனர். ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை கூறத்தக்க வினா அன்று இது. ஆதலால் சற்று விரிவாகவே எழுத முற்படுகிறோம்.

ஆங்கிலத்தில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என வழங்கும் இத்தொழில் அமெரிக்க மருத்துவமனைகளின் தேவையிலிருந்து வளர்ந்தது. அந்நாட்டில் மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்த்தபின், நோயின் வரலாறு, உடலில் கண்ட குறிகள், செய்த சோதனைகள், கொடுத்த மருந்து ஆகிய யாவற்றையும் பதிந்து வைத்தாக வேண்டும். காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுப்பது அந்தப் பதிவைப் பார்த்தே. நாளை வழக்கு நேர்ந்தால் நீதிமன்றம் கேட்பதும் அதையே. உட்கார்ந்து எழுத நேரமில்லாத மருத்துவர் தாம் எழுத வேண்டியதை வாயால் சொல்லி ஒலிப்பதிவு செய்துவிடுவார். அவ்வொலியைக் கேட்டு, உரிய தலைப்புகளின் கீழ்ப் பிழையறத் தட்டச்சுச் செய்து கொடுப்பவரே படியெடுப்பாளர். இவர்களுக்கெனத் தனிச் சங்கம் ஒன்று 1978ஆம் ஆண்டிலேயே அங்கு ஏற்பட்டது.

1990களில் ஒலிக் கோப்புகள் கம்பிவழியே கடல் கடந்து நம் நாட்டுக்கு வரலாயின. கூலி குறைவு என்பது ஒரு காரணம். மற்றொன்று கதிரவன் செய்த உதவி. நியூயார்க் நகரில் மாலை 6 மணிக்கு மருத்துவர் தம் பணியை முடிக்கும்போது நமக்கு மறுநாள் விடியற்காலை. அவர்களுடைய கோடைகாலத்தில் 3.30 மணி, குளிர்காலத்தில் 4.30 மணி. அவர் உறங்கி எழுந்து மருத்துவமனைக்குத் திரும்புமுன் இங்கே பகற்பொழுதில் வேலையை முடித்து அனுப்பிவிடலாம். சென்னையிலும் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் இதற்கென நிறுவனங்கள் எழுந்தன. பயிற்சிக் கூடங்களும் மழைக்காலக் காளான்போல் முளைத்தன. அவற்றுள் கட்டணத்தை வாங்கிக்கொண்டு வேலை காட்டாமல் மறைந்தவையும் உண்டு என்பதை மூத்த அங்கத்தினர் சிலர் இன்றும் கசப்புடன் நினைவுகூர்கின்றனர்.

வேலை எப்படி நடக்கிறது என்பதைக் காண்போம். காதில் ஒலிவாங்கியற்ற நல்ல ஹெட்போன், எதிரே கணினி, காலடியில் ஒரு மிதி. ஆம், நம் குழித்தறியில் இருப்பதுபோலவே இங்கும் மிதி உண்டு. அதை அழுத்தினால் பேச்சு ஓடும். காலை எடுத்தால் நிற்கும். ஓரத்தை அழுத்தினால் பின்னோக்கிச் செல்லும். கைகள் விசைப்பலகையை விட்டு அகலா. தறியில் கையும் காலும் ஒன்றுக்கொன்று இணங்கிப் பழகச் சில மாதங்கள் ஆவதைப்போல, இங்கே காதும் காலும் விரலும் இணங்கிப் பழக வேண்டும். தொடக்கநிலையில் ஒரு நிமிடப் பேச்சைப் படியெடுக்கப் பத்து நிமிடம்கூடப் பிடிக்கும். தேர்ந்தவர் மூன்று நான்கு நிமிடங்களில் முடித்துவிடுவார்.

தட்டச்சு வேகம் இருந்தால் போதும் என்று எண்ணிவிடலாகாது. மருத்துவர்கள் அமெரிக்கர் மட்டுமல்லர். பிற நாடுகளிலிருந்து குடியேறியவர்களும் தத்தம் நாட்டு உச்சரிப்போடு பேசுவர். சிலர் உணவருந்திக்கொண்டே சொல்வர். சிலர் காரோட்டிக்கொண்டே சொல்வர். அவர்கள் சொல்லும் சொற்களோ நாம் பள்ளியில் படித்த ஆங்கிலத்தில் காணாதவை. சிறுகுடலின் கடைப்பகுதிக்கும் இடுப்பெலும்புக்கும் ஆங்கிலத்தில் 'இலியம்' என்றே ஒலி. எழுத்தில் ஓரெழுத்துத்தான் வேறுபாடு. விழுங்குவதில் உண்டாகும் இடர் 'டிஸ்ஃபேஜியா'. பேச்சில் உண்டாகும் இடர் 'டிஸ்ஃபேசியா'. 'ஹைப்பர்' என்றால் மிகை, 'ஹைப்போ' என்றால் குறை. வேகமாகப் பேசுகையில் இரண்டும் ஒன்றுபோல் கேட்கும். மூட்டுவலிக்குத் தரும் செலிப்ரெக்ஸ், மனச்சோர்வுக்குத் தரும் செலக்ஸா, வலிப்புக்குத் தரும் செரிபிக்ஸ் என மூன்று மருந்துகள் காதுக்கு உடன்பிறப்புகள்போல் ஒலிக்கும். நோயாளி எதற்காக வந்தார் என்பதைப் புரிந்துகொண்டிருந்தாலன்றி இவற்றுள் எது என்று தெரியாது. ஆகவேதான் உடற்கூறு, உடலியங்கியல், நோய்கள், மருந்துகள் ஆகியவற்றை ஆறு மாதமேனும், பெரும்பாலும் ஓராண்டு, ஊன்றிக் கற்க வேண்டியிருக்கிறது.

இத்தொழிலின் முதற்கட்டளை, கேட்காததை ஊகித்து எழுதாதே என்பதாகும். விளங்காத இடத்தை வெற்றிடமாக விட்டு, ஒலியில் அது எத்தனையாவது நிமிடம் என்பதைக் குறித்து மேற்பார்வையாளருக்கு அனுப்ப வேண்டும். புதிதாக வருவோர் இதற்கு நாணுகின்றனர். வெற்றிடம் விட்டால் திறமைக்குறைவு என்று கருதுகின்றனர். அறுந்த இழையை முடியாமல் நெய்துகொண்டே போனால் குறை துணியோடு போய்விடும். இங்கே அது ஓர் உடலில் போய்ச் சேரும்.

2008ஆம் ஆண்டு அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் நடந்ததை இங்குச் சொல்லியாக வேண்டும். மருத்துவமனையை விட்டுச் செல்லும் ஒரு பெண்மணிக்கு இன்சுலின் 8 அலகு என்று மருத்துவர் ஒலிப்பதிவில் சொன்னார். படியெடுத்த தாளில் அது 80 அலகு என்று வந்தது. அந்தத் தாளை நம்பி ஊசி போடப்பட்டது, அப்பெண்மணி இறந்தார். படியெடுப்பு வேலை ஓர் அமெரிக்க நிறுவனத்திடமிருந்து இந்திய நிறுவனங்களுக்குக் கைமாறியிருந்தது என்பது வழக்கில் வெளிவந்தது. 2012இல் நடுவர் குழு 14 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. மருத்துவர் அந்தத் தாளைப் படித்துப் பார்த்து ஒப்பமிட்டிருக்க வேண்டாமா என்றால், வேண்டும்தான். ஆனால் அவசரத்தில் படிக்காமலே போகும் தாள்கள் எத்தனை என்பதை எண்ணிப் பார்த்தால், படியெடுப்பவர் கடைசிக் காவலாக நிற்க நேர்வது புலப்படும்.

எண்களை எழுதும் முறைக்கே தனி ஒழுங்கு உண்டு. அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தகுதிச் சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன் என்னும் அமைப்பு 2004இல் எழுதக்கூடாதவற்றின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. 1.0 என எழுதினால் புள்ளி மங்கி 10 ஆகத் தோன்றும். எனவே 1 என்றே எழுத வேண்டும். .5 என எழுதினால் 5 ஆகத் தோன்றும், எனவே 0.5 என்றே எழுத வேண்டும். அலகைக் குறிக்கும் ஆங்கில எழுத்தான 'யு'வைத் தனியே எழுதினால் சுழியமாகத் தோன்றும். ஆகையால் முழுச் சொல்லையும் எழுத வேண்டும். இவற்றை மனப்பாடமாக அறியாதவரை நல்ல நிறுவனம் எதுவும் வேலையில் அமர்த்தாது.

கூலிக்கு வருவோம். பெரும்பாலும் வரிக் கணக்கில்தான் கூலி. ஒரு வரி என்பது தாளில் கண்ணுக்குத் தெரியும் வரியன்று. 65 எழுத்துகள் கொண்டது ஒரு வரி என்பது நெடுங்கால வழக்கு. பழைய தட்டச்சுப் பொறியில் ஆறரை அங்குல அகலத்தில், அங்குலத்துக்குப் பத்தாக அடங்கிய எழுத்துகளின் எண்ணிக்கை இது. சொற்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தையும் எழுத்தாக எண்ணுவதா என்பதில்தான் சூது இருக்கிறது. ஓர் அறிக்கையில் வெற்றிடம் உட்பட 3,900 எழுத்துகள் இருந்தால் அது 60 வரி. அதில் வெற்றிடம் 650 என வைத்துக்கொண்டு அதைத் தள்ளினால், மிஞ்சுவது 3,250. அதாவது 50 வரி. செய்த வேலை ஒன்றே. ஆறில் ஒரு பங்கு கூலி காணாமற்போய்விட்டது. மண்டியில் எடைக்கல்லையும் கழிவையும் பார்த்துப் பழகிய விவசாய அன்பர்களுக்கு நாம் இதை விளக்க வேண்டியதில்லை. இதை நாம் எடுத்துரைத்தபோது நெசவாள அங்கத்தினர் ஒருவர், "ஏனுங்க, பன்னைக் குறை, கறை என்று பிடித்தம் செய்வது அங்கேயும் உண்டுங்களா?" என்று கேட்டார். உண்டு. நூற்றுக்கு 98 பங்கு பிழையின்மை என்பது பொதுவாகக் கேட்கப்படும் தரம். அதற்குக் குறைந்தால் கூலியைக் குறைப்பது பல நிறுவனங்களின் வழக்கம். பிழைக்கு எத்தனை புள்ளி, யார் சோதிப்பது, நாம் மறுத்தால் யாரிடம் முறையிடுவது என்பவற்றை முன்னதாகவே கேட்டு எழுத்தில் பெறாதவர் பின்னர் வருந்துவர்.

ஒப்பந்தம் பல கை மாறுவதே இத்தொழிலின் பெருந்தீங்கு என்பது நம் அபிப்பிராயம். 2003ஆம் ஆண்டு அக்டோபரில் சான்பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் பாகிஸ்தானின் கராச்சி நகரத்துப் பெண் ஒருவர். தமக்குச் சேர வேண்டிய கூலியைப் பெற்றுத் தராவிடில் நோயாளிகளின் பதிவுகளை இணையத்தில் வெளியிட்டுவிடுவதாக அச்சுறுத்தி, சான்றாகச் சில பதிவுகளையும் இணைத்திருந்தார். மருத்துவமனை திகைத்தது. தன் வேலை கராச்சிக்குப் போகிறது என்பதே அதற்குத் தெரியாது. விசாரித்தால், மருத்துவமனை உள்ளூர் நிறுவனத்துக்குக் கொடுத்தது. அது புளோரிடாவிலுள்ள ஒருவருக்கு, அவர் டெக்சாசிலுள்ள ஒருவருக்கு, அவர் இந்தப் பெண்ணுக்கு என வேலை கைமாறியிருந்தது. அவர் செய்தது பெருங்குற்றம் என்பதில் ஐயமில்லை. நோயாளியின் இரகசியத்தைப் பணயம் வைக்க எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் கூலி வராமல் நிற்கும் கடைசிக் கைக்கு முறையிட ஒரு வாயில்கூட இல்லாத ஏற்பாட்டையும் அந்நிகழ்ச்சி காட்டிற்று. வீட்டிலிருந்து தொழில் செய்வோரின் உரிமைகளுக்காக 1996இல் சர்வதேசத் தொழிலமைப்பு இயற்றிய 177ஆம் ஒப்பந்தத்தை நம் நாடு ஏற்கவில்லை என்பதையும் இவ்விடத்தில் குறிக்கிறோம்.

இரகசியம் என்றோம். 1996ஆம் ஆண்டின் ஹிப்பா என்னும் அமெரிக்கச் சட்டம் நோயாளி விவரங்களைக் காப்பதுபற்றியது. 2009இல் இயற்றிய ஹைடெக் சட்டம் அக்கடமையை மருத்துவமனைக்காக வேலை செய்து கொடுப்போர் மீதும் நேராகச் சுமத்தியது. நம் நாட்டிலும் 2023இல் தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. நெசவாளர் வீட்டில் தறியருகே யார் வந்து உட்கார்ந்து பேசினாலும் குற்றமில்லை. இங்கோ, கணினித் திரையை அடுத்த வீட்டார் எட்டிப் பார்ப்பதே குற்றம். தாழிடக்கூடிய ஓர் அறை வேண்டும். பிள்ளைகள் விளையாடும் கணினியில் இவ்வேலையைச் செய்யலாகாது. மூன்று தலைமுறையும் ஒரே கூடத்தில் வாழும் நம் வீடுகளில் இது எளிதன்று.

இனி, விளம்பரங்கள் சொல்லாத ஒன்றைச் சொல்கிறோம். இத்தொழில் 1990களில் இருந்த நிலையில் இன்று இல்லை. 2009ஆம் ஆண்டின் அதே ஹைடெக் சட்டம் மின்னணுப் பதிவேடுகளை ஏற்கும் மருத்துவர்களுக்கு ஊக்கத்தொகை அளித்தது. பலர் தாமே கணினியில் குறித்துக்கொள்ளத் தலைப்பட்டனர். பேச்சை எழுத்தாக்கும் யந்திரங்களும் மேம்பட்டுவிட்டன. அத்தகைய மென்பொருளில் பெயர்பெற்ற நியூயான்ஸ் நிறுவனத்தை மைக்ரோசாப்ட் 2022இல் ஏறத்தாழ 1,970 கோடி டாலர் கொடுத்து வாங்கியதிலிருந்தே காற்று எத்திசையில் வீசுகிறது என்பது விளங்கும். மருத்துவரும் நோயாளியும் உரையாடுவதைக் கேட்டு யந்திரமே குறிப்பெழுதும் முறையும் இப்போது பரவி வருகிறது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையும் இத்தொழிலில் வேலைகள் குறையும் என்றே கணித்திருக்கிறது.

ஆகவே இன்று படியெடுப்பாளர் பெரும்பாலும் செய்வது, யந்திரம் எழுதிய வரைவை ஒலியோடு ஒப்பிட்டுத் திருத்துவது. இதற்குக் கூலி முழுப் படியெடுப்புக் கூலியில் ஏறத்தாழப் பாதிதான். வேலையும் பாதி என்பது நிறுவனத்தார் வாதம். அதை நாம் ஏற்க இயலவில்லை. யந்திரத்தின் பிழை மனிதப் பிழைபோல் கண்ணில் உறுத்துவதன்று. இலக்கணம் வழுவாமல், வடிவாக, தவறாக இருக்கும். விஸ்பர் என்னும் பேச்சறி கருவியைப்பற்றி 2024இல் வெளியான ஓர் ஆய்வு, சோதித்த ஒலித்துண்டுகளில் நூற்றுக்கு ஒன்றளவில், பேசியவர் சொல்லவே சொல்லாத வாக்கியங்களை அது தானே புனைந்திருந்ததைக் கண்டது. பேச்சின் இடையே மௌனம் மிகும்போது இது நேர்வதும் மிகுந்தது. ஓடும் விசைத்தறியில் அறுந்த இழையைப் பிடிக்கும் கண்ணுக்கு எத்தனை விழிப்பு வேண்டுமோ, அத்தனை விழிப்பு இதற்கும் வேண்டும்.

அப்படியாயின் யார் இதில் இறங்கலாம்? நல்ல ஆங்கிலமும் கூர்ந்த செவியும் உடையவர், உயிரியல், செவிலியம், மருந்தியல் போன்றவற்றுள் ஒன்றைப் படித்தவர், வீட்டில் வேறொரு வருமானமும் இருப்பவர் ஆகியோர் இறங்கலாம். இதையே முழு வாழ்வாதாரமாக நம்பி, நகையை அடகு வைத்துப் பயிற்சிக் கட்டணம் செலுத்த எண்ணுவோரை வேண்டாம் என்று தடுக்கிறோம். கற்ற கல்வி வீணாகாது என்பதும் உண்மை. மருத்துவச் சொற்களில் தேர்ந்தவருக்கு மெடிக்கல் கோடிங் என்னும் குறியீட்டுத் தொழில் பக்கத்திலேயே இருக்கிறது. சென்னையில் அதற்கு நிறுவனங்கள் பல உள்ளன. வீட்டு வேலையை முதல் நாளிலேயே எதிர்பார்ப்பதும் தவறு. இரண்டோர் ஆண்டு ஒரு நிறுவனத்தில் நேரில் அமர்ந்து, தவறுகளைத் திருத்திக் காட்டும் மூத்தவரருகே பழகியவரே வீட்டிலிருந்து நிலைக்கின்றனர் என்பது நாம் விசாரித்தறிந்தது. அங்ஙனம் தேர்ந்தவர் மணிக்கு 150 வரி முடிப்பார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. மணிக்கட்டு, கழுத்து, கண் ஆகிய மூன்றும் இதற்கு விலை கொடுக்கும். இரவு வேலையானால் உறக்கமும் சேரும்.

மோசடிகளைப்பற்றி ஒரு வார்த்தை. வேலை கொடுப்பவர் நம்மிடம் பணம் கேட்கமாட்டார். பதிவுக் கட்டணம், வைப்புத்தொகை, மென்பொருள் விலை என எப்பெயரில் கேட்டாலும் அங்கேயே நிறுத்திவிடுக. அண்மைக் காலத்தில் வேறொரு வகையும் காண்கிறோம். முதலில் கட்டணமின்றி வேலை அனுப்புவர். கெடுவுக்குள் முடிக்க இயலாத அளவு அனுப்புவர். பிறகு பிழை மிகுந்தது, ஒப்பந்தத்தை மீறினாய் என்று வக்கீல் நோட்டீசுபோன்ற ஒரு தாளை அனுப்பி அபராதம் கேட்பர். அஞ்சிப் பணம் கட்டியவர் உண்டு. அத்தகைய தாள் வந்தால் பெண்கள் அதை வீட்டாரிடம் மறைக்க வேண்டாம். 1930 என்னும் இணையக்குற்ற உதவி எண்ணில் முறையிடலாம். நம் சங்கச் செயலாளரிடமும் காட்டலாம்.

இத்தொழிலில் கூட்டுறவுக்கு இடமுண்டா என்பது இறுதியாக எழும் வினா. கேரளத்தின் வடகரைப் பகுதியில் 1925இல் கூலித் தொழிலாளர் சிலர் கூடித் தொடங்கிய ஊராளுங்கல் தொழில் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம், சாலைகளும் பாலங்களும் கட்டி வளர்ந்து, 2016இல் கோழிக்கோட்டில் கணினி நிறுவனங்களுக்கான பூங்காவொன்றையே திறந்தது. அவ்வளவு பெரிதாக நாம் எண்ண வேண்டியதில்லை. மருத்துவக் கல்வி கற்ற பெண்கள் ஐந்தாறு பேர் ஓர் ஊரில் இருந்தால், சங்கக் கட்டடத்தில் தாழிட்ட அறையொன்றை ஒதுக்கி, இன்வெர்ட்டரும் நல்ல இணைய இணைப்பும் அமைத்துத் தரலாம். இரகசியம் காக்கும் தொல்லை தீரும். மின்தடைக்கு அஞ்ச வேண்டியதில்லை. அவர்களுள் மூத்தவர் மற்றவர் வேலையைச் சரிபார்க்கலாம். வீட்டுக்கு வீடு தனித்திருக்கையில் கிடைக்காத உதவி இதுதான். நிறுவனத்தோடு ஒப்பந்தம் சங்கத்தின் பெயரில் இருந்தால், கூலி நிலுவையை ஒரு பெண் தனியாக நின்று கேட்பதற்கும் ஒரு சங்கம் கேட்பதற்கும் உள்ள வேறுபாடு நமக்குத் தெரியாததன்று.

இவ்வாறு முயல விரும்பும் நிர்வாகக் குழுவினர், அறைக்கும் கணினிக்கும் செலவிடுமுன், வேலை தருவதாகச் சொல்லும் நிறுவனத்திடம் மூன்று செய்திகளை எழுத்தில் பெற வேண்டும்: வேலை மருத்துவமனையிலிருந்து எத்தனை கை மாறி நம்மிடம் வருகிறது, வரி எப்படி எண்ணப்படும், கூலி எந்தத் தேதியில் வரும். முதல் மூன்று மாதங்கள் ஒவ்வொருவரும் தாம் செய்த வரிகளைத் தாமே ஒரு நோட்டில் எழுதி, நிறுவனம் அனுப்பும் கணக்கோடு ஒப்பிட்டு வரட்டும். அக்கணக்கு ஒத்துவந்தால் மேற்கொண்டு ஆட்களைச் சேர்க்கலாம்.